செருப்புக் கால் ஏறாத விண்கலம்

சென்னையில் இருப்பவர்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம் என்றால் கடல். அங்கே பிறந்த யாரும் தவழும்போதே துடுப்புப் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பு. நான் பிறந்து வளர்ந்தது ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் ஊரில். எனக்குத் தெரிந்த மீன் கெளுத்தியும் விராலும். எனக்குத் தெரிந்த அலை, கண்மாய் நிறைந்த வருடத்தில் காற்றடிக்கும்போது கரையில் வந்து தட்டுவது. படகில் ஏறியதில்லை. நீச்சலும் தெரியாது.

இவ்வளவையும் நான் வேலை பார்க்கும் கலைக்கூடத்தின் நிர்வாகியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, உனக்குத் தெரியாததா" என்றார். சொல்லிவிட்டு ஒரு கானா நாட்டுக் கலைஞரையும், இரண்டு டப்பா வெள்ளிப் பெயிண்டையும், ஒரு விண்வெளி வீரரின் தலைக்கவசத்தையும் என்னிடம் ஒப்படைத்தார்.

அப்போது எங்கள் கூடத்தில் நடக்கவிருந்த கண்காட்சி விண்வெளிப் பயணத்தையும் வருங்காலத்தையும் பற்றியது. ஒருவர் பித்தளைக் குத்துவிளக்குகளை உருக்கி நிலா செய்திருந்தார். ஒருவர் செவ்வாய்க் கிரகத்தைக் கம்பளி நூலில் பின்னிக் கூரியரில் அனுப்பியிருந்தார். இன்னொருவருக்குக் காலி அறை ஒன்று போதும், ஆனால் அதில் கருகிய வாடை வரவேண்டும். விண்வெளி அப்படித்தான் மணக்குமாம். அந்த வாடைக்காக நான் மூன்று நாள் பழைய சட்டியில் எதையெதையோ கருக்கிப் பார்த்தேன். என் பதவியின் பெயர் அமைப்பாளர். ஆணி தேடுவது, வாடை தேடுவது, எது தவறினாலும் திட்டு வாங்குவது என் வேலை.

எஃபுவா இவர்களிலிருந்து வேறு மாதிரி. கானாவில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். மீனவர் வீட்டுப் பெண். வயது நாற்பதைத் தொடவில்லை. கறுப்பின மக்களின் வருங்காலத்தை அவர்களே கற்பனை செய்து பார்க்கும் கலைப்போக்கு ஒன்று உண்டு, ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்பார்கள். அதைப் பற்றி நான் இரண்டு தடித்த புத்தகங்கள் படித்துக் குழம்பியிருந்தேன். எஃபுவா மூன்று வரியில் முடித்துவிட்டார். "விண்வெளிப் படம் எதையாவது போட்டுப் பார். வருங்காலம் வந்திருக்கும், நாங்கள் இருக்க மாட்டோம். எங்களுக்கு என்ன ஆனது என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்." யோசித்துப் பார்த்தேன். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் யாரையும் எந்த விண்கலத்திலும் நான் பார்த்ததில்லை. அதுவரை அது எனக்கு உறுத்தியதும் இல்லை.

அவருடைய திட்டம் இதுதான். மீன்பிடிப் படகு ஒன்றுக்கு வெள்ளி நிறம் பூசி விண்கலமாக்க வேண்டும். வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகத் தெரியும் விடியற்காலையில், விண்வெளி உடை போட்ட மீனவர் அதில் ஏறிப் போகவேண்டும். அதைப் படமெடுத்துக் கண்காட்சியில் ஓடவிட வேண்டும். தங்கச்சிமடத்தில் சேவியர் என்ற மீனவர் தன்னுடைய பழைய வள்ளத்தைக் கொடுக்கவும் அதில் தானே நடிக்கவும் ஒப்புக்கொண்டிருந்தார். சிறிய நாட்டுப்படகை அங்கே வள்ளம் என்பார்கள். வியாழக்கிழமை போய்த் திங்கட்கிழமை மதிய ரயிலில் திரும்ப வேண்டும். கேட்பதற்கு எளிதான வேலையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை இராமேஸ்வரத்தில் இறங்கிய நிமிடத்திலேயே ஆரம்பித்தது. ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "தீர்த்தமாட வாங்க, இருபத்திரெண்டு கிணறும் வரிசையில நிக்காம கூட்டிட்டுப் போறேன்." நாங்கள் தீர்த்தமாட வரவில்லை என்றேன். "பின்ன எதுக்கு வந்தீக?" படம் எடுக்க என்றேன். "குளிச்சுட்டுப் படம் எடுங்க, யாரு வேணாம்னா." விடுதியில் சாவி கொடுத்தவர், ஈரத்துணியோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார். டீக்கடைக்காரர், முதலில் கடலில் முங்கிவிட்டுப் பிறகு கிணற்றுக்குப் போகவேண்டும் என்று வரிசையை விளக்கினார். எஃபுவாவால் பொறுக்க முடியவில்லை. "இந்த ஊரில் எல்லாரும் ஏன் என்னை நனைக்கப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்.

அடுத்தது சோறு. எஃபுவாவுக்கு மீன் வேண்டும். சுற்றிலும் கடல், அதில் நாலா பக்கமும் படகு. ஆனால் கோயிலைச் சுற்றி நாங்கள் ஏறி இறங்கிய நான்கு ஓட்டல்களிலும் சைவச் சாப்பாடு. நான்காவது ஓட்டலில் மீன் என்று கேட்டதற்குப் பரிமாறுபவர் காதைப் பொத்தாத குறை. உருளைக்கிழங்குப் பொரியலைக் கிளறிக்கொண்டு, "கடலுக்கு நடுவில் உட்காரவைத்து எனக்குக் கிழங்கு போடுகிறார்கள்" என்றார் எஃபுவா. நான் என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டேன். அந்த நான்கு நாளில் நான் என் மாவட்டத்தின் சார்பாகக் கேட்ட மன்னிப்புக்குக் கணக்கே இல்லை.

தெருவில் நடந்தால் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து செல்ஃபி கேட்டார்கள். அவரிடம் கேட்க வெட்கப்பட்டு என்னிடம் கேட்டார்கள், அவர் என்னவோ நான் பிடித்து வந்திருக்கும் யானை என்பதைப்போல. ஒரு பெண்மணி, "அது சொந்த முடியாம்மா?" என்று என் காதில் கிசுகிசுத்தார். எனக்குக் கோபமும் வந்தது, கூச்சமும் வந்தது. எஃபுவா ஒரு விதி போட்டார். செல்ஃபிக்குச் சரி, ஆனால் பதிலுக்கு அவர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவருடைய கேமராவுக்கு நிற்கவேண்டும். தீர்த்தமாடித் தலை சொட்டச் சொட்ட வந்த மாமா, மாமி, மொட்டையடித்த புது மாப்பிள்ளை என்று ஏழெட்டுப் பேர் கிழக்குக் கோபுரத் தெருவில் விண்வெளி வீரர்களாக நின்றார்கள். கவசத்தின் உள்ளே ஆவி படிந்து ஒருவர் முகமும் தெரியவில்லை. அந்த நான்கு நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் எஃபுவா பெட்டியைத் திறந்து, உடையை எடுத்துக் கட்டிலில் விரித்தார். அவருடைய ஊர்ப் பூத்துணியும் வெள்ளி ஜரிகைத் துணியும் ஒட்டுப்போட்டுத் தைத்தது. அடியில் துண்டில் சுற்றி ஒரு ஜோடி பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் வரும் கனமான தோல் பூட்ஸ், வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. அடிப்பாகத்தில் மண்ணே படவில்லை.

"இது என் தம்பியுடையது" என்றார்.

தம்பி ஐரோப்பாவுக்குப் போகக் கிளம்பியவன். குளிருக்கு என்று இந்த பூட்ஸை வாங்கி வைத்திருந்தான். வேறு நாட்டுக் கரை ஒன்றிலிருந்து திருட்டுத்தனமாகக் கிளம்பிய படகு. படகுக்காரன், பாரம் கூடும், பை கூடாது, பூட்ஸும் கூடாது என்று சொல்லிவிட்டான். தம்பி அதை ஒரு சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினான். அந்தப் படகு எங்கேயும் போய்ச் சேரவில்லை. உடல் கிடைக்கவில்லை. பூட்ஸ் மட்டும் வீட்டுக்கு வந்தது.

"இதைக் கடல்மேல் ஒரு தடவையாவது அனுப்பிவைக்க வேண்டும்" என்றார். "எங்கள் ஊரில் முடியாது. அம்மா அங்கே இருக்கிறாள். இதைத் தண்ணீரில் பார்க்க அவளால் ஆகாது."

 உடனே அவர் குரல் மாறிவிட்டது. "இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. கறுப்புத் தோல், கடல், செத்த தம்பி என்று சொன்னால் எல்லாருக்கும் கண்ணீர் வந்துவிடும். அதோடு படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். இது வருங்காலக் கதை. இதில் யாரும் சாகவில்லை. சத்தியம் செய்." செய்தேன். கண்காட்சிக் குறிப்பிலும் அவர் 'பயணி' என்றுதான் எழுதியிருந்தார். பெயர் இல்லை. என்னிடமும் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கச்சிமடத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஆட்டோ நின்றுபோனது. டிரைவர் இறங்கி எதையோ தட்டினார், ஊதினார், கடைசியில் யாருக்கோ போன் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பெயிண்ட் டப்பா, உடைப்பெட்டி, தலைக்கவசம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினோம். "இது என்ன?" என்று கண்டக்டர் கவசத்தைத் தட்டினார். விண்வெளி வீரர் போடுவது என்றேன். "எதுவா இருந்தாலும் ஹெல்மெட்ட மடியில வைங்க, வழியில வைக்காதீக" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சேவியருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், நெஞ்சில் சிலுவைக் கயிறு, எதற்கும் அவசரப்படாத பேச்சு. முதலில் என்னை மேடம் என்றார். நான் ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் என்றதும், "அட, நம்ம தங்கச்சியா, பெரிய கண்மாய்க்காரகளா" என்று அந்த நிமிடத்திலிருந்து தங்கச்சியாக்கிவிட்டார். வள்ளம் கரையில் மரத்துண்டுகள்மேல் ஏற்றி வைத்திருந்தது. சுரண்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தார். அவரும் அவர் மனைவி ரீத்தம்மாவும் எங்களோடு சேர்ந்து பெயிண்ட் அடித்தார்கள். மதியத்துக்குள் வள்ளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

பதிவு எண்ணில் முதல் தகராறு. எஃபுவா அதன்மேலும் வெள்ளி அடிக்கப் போனார். சேவியர் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டார். "நம்பர அழிச்சா தண்ணியில இறக்க முடியாது தங்கச்சி. கேட்டா என்னன்னு சொல்றது? வேற கெரகத்துலேர்ந்து வந்துச்சுன்னா?" நான் மொழிபெயர்த்தேன். எஃபுவா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இருக்கட்டும். வருங்காலத்திலும் எங்களிடம்தான் முதலில் ஆவணம் கேட்பார்கள்" என்றார். இதை நான் மொழிபெயர்த்ததும் சேவியர் சிரித்தார்.

"இது எந்தக் கெரகத்துக்குப் போகுதாம்?"

இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார் எஃபுவா.

"அங்கன மீன் கெடக்குமா?"

"கிடைக்கும். அங்கே கடலில் யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள்."

சேவியர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப நானும் வாரேன்" என்றார்.

மதியம் ரீத்தம்மா வீட்டில் சாப்பாடு. நகரை மீன் குழம்பு, வறுத்த காரல் மீன், ஓரத்தில் கருவாடு. எஃபுவா கருவாட்டை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊரிலும் இதே வாசனையாம். குழம்பில் காரம் போதவில்லை என்று பச்சைமிளகாய் வாங்கிக் கடித்தார். ரீத்தம்மா அசந்துபோனார். கண்மாய் மீன் தின்று வளர்ந்த நான் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "பாவம், தங்கச்சிக்குத்தான் ஊர் பழகல" என்றார் ரீத்தம்மா. வந்த விருந்தாளி நானாம்!

தன்னுடைய ஊரில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், கடலுக்கு ஓய்வு நாள் என்று எஃபுவா சொன்னார். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றார் சேவியர். இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் எடுத்து முடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் என்னைப் பெற்ற அய்யாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் மனக்கோட்டை கட்டினேன்.

சனிக்கிழமை நான் நினைத்த மாதிரியே விடிந்தது. அந்தப் பக்கத்துக் கடலில் அலையே இல்லை. எங்கள் கண்மாய்கூட இதைவிட ஆடும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வள்ளத்தை இறக்கிக் கயிற்றில் கட்டி முழங்கால் ஆழத்தில் நிறுத்தியிருந்தார்கள். சேவியர் உடையைப் போட்டுக்கொண்டார். கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளிருந்தபடியே ஏதோ பாடிக் காட்டினார். ரீத்தம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எஃபுவா கேமராவைத் தாங்கியில் நிறுத்தினார். பிறகு துண்டைப் பிரித்து பூட்ஸை எடுத்து, சேவியர் கையில் கொடுத்தார்.

சேவியர் கவசத்தைக் கழற்றினார்.

"இது எதுக்கு?"

காலில் போட என்றேன்.

"கரையில நிக்கும்போதா?"

வள்ளத்தில் ஏறும்போது என்றேன்.

"அது ஆகாது" என்றார். மரியாதையாக, இரண்டு கையாலும் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "செருப்புக் காலோட வள்ளத்துல ஏற மாட்டோம் தங்கச்சி."

இது செருப்பு இல்லை, உடையில் ஒரு பகுதி என்றேன். இது பழைய வள்ளம்தானே, நீங்களே விறகுக்குப் போடலாம் என்று சொன்னீர்கள் என்றேன். இப்போது இது விண்கலம், படகே இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"விண்கலமோ எதுவோ, சாமியார் மந்திரிச்சுத் தண்ணியில இறக்குனது. இருவத்தஞ்சு வருசம் எங்களுக்குச் சோறு போட்டுருக்கு. விறகுக்குப் போட்டாலும் போடுவேன், செருப்புக் கால வைக்க மாட்டேன். தல போச்சுன்னாலும் மாட்டேன்."

மொழிபெயர்த்தேன். எஃபுவா பூட்ஸைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வேறு யாரையாவது கேட்கலாம் என்று நான் கரையில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் காலைப் பார்த்தார்கள், வள்ளத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். ஒருவர், "போடணும்னா தரையில நின்னு போட்டுக்கங்க, கீழ மட்டும் படம் புடிங்க" என்று யோசனை சொன்னார். அதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. கடல் கடலாகவும் வானம் வானமாகவும் ஆகிவிட்டன.

திரும்பும் வழியில் எஃபுவா ஒன்றே ஒன்று சொன்னார். "ஒரு படகுக்காரன் இந்த பூட்ஸை ஏற்றமாட்டேன் என்று சொல்வது இது இரண்டாவது முறை."

ஞாயிற்றுக்கிழமை அய்யாவைப் பார்க்கப் போகவில்லை. நிர்வாகி நான்கு தடவை போன் செய்தார். பூட்ஸ் இல்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். எஃபுவாவிடம் சொன்னேன். அவர் பார்த்த பார்வையில் போனை நானே வைத்துவிட்டேன். அடுத்த போனில், "உங்க ஊர்க்காரங்கதானே, பேசிச் சரிக்கட்ட முடியாதா?" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நாற்றங்காலில் நிற்கிறார்கள் என்று கத்தினேன். விடுதி வரவேற்பில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு தனியாகச் சேவியர் வீட்டுக்குப் போனேன். அவரும் வருத்தத்தில்தான் இருந்தார். "அந்தப் புள்ள எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துருக்கு. நான் என்ன வேணும்னேவா செய்யுறேன்?" என்றார். ரீத்தம்மா காபி கொண்டுவந்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது யாருடைய பூட்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சத்தியம். காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அங்கே அவர் படகை விட்டுக்கொடுக்க மாட்டார், இங்கே இவர் பூட்ஸை விட்டுக்கொடுக்க மாட்டார். நடுவில் நான், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு. இதைவிடக் கொடுமை வேறில்லை. இரண்டு பக்கமும் முட்டாள்தனமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கடைசி வாய்ப்பு. அதே கடல், அதே வானம். சேவியர் உடையோடு தயாராக நின்றார். கால்களில் பளபளவென்று ஏதோ இருந்தது. ரீத்தம்மா பிரியாணி சுற்றும் வெள்ளித்தாளைப் பழைய துணிமேல் ஒட்டி, பூட்ஸ் மாதிரியே கணுக்கால்வரை சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். "துணிதான இது, செருப்பு இல்லையே. தூரத்துலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். விடியும் முன்பே எழுந்து செய்திருக்கிறார். சேவியர் காலைத் தூக்கி அப்படியும் இப்படியும் காட்டினார்.

எஃபுவா குனிந்து பார்த்தார். ரீத்தம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு என்னிடம், "முடிந்தது. போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கழற்றத் தொடங்கினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்கு நாள் சேர்த்துவைத்தது மொத்தமாக வெளியே வந்தது. "ஏண்ணே, அது யாரு பூட்ஸுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று சேவியரிடம் கத்தினேன். என் பேச்சே மாறிப்போய், ஆர்.எஸ்.மங்கலத்துப் பஸ் ஸ்டாண்டில் சண்டை போடுகிறவள்போல ஆகிவிட்டது. "அது அந்தக்கா தம்பியோடதுண்ணே. படகுல ஏறிப் போனவன், வரல. உடம்பும் வரல. பாரம்னு சொல்லி பூட்ஸக்கூட ஏத்த விடல அந்தப் படகுக்காரன். இப்ப நீங்களும் மாட்டேங்குறீக. இதச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. சொல்லாம நான் என்னத்த மொழிபெயர்க்குறது?"

எஃபுவாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் சேவியரின் முகத்தையும் ரீத்தம்மாவின் முகத்தையும் பார்த்தார்.

"சொல்லிவிட்டாய்" என்றார்.

ஆமாம் என்றேன். அழுகை வந்தது. கோபத்தில்தான்.

சேவியர் தண்ணீரிலிருந்து மேலே வந்தார். வெள்ளித்தாளைக் காலிலிருந்து பிய்த்துப் போட்டார். என்மேல்தான் அவருக்குக் கோபம்.

"இத முந்தாநாளே சொல்ல வேண்டியதுதான தங்கச்சி? செருப்பப் போட மாட்டேன்னுதான சொன்னேன். ஆள ஏத்த மாட்டேன்னா சொன்னேன்?"

எஃபுவா என்னைப் பார்த்தார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எஃபுவா போய்ப் பெட்டியைத் திறந்தார்.

சேவியர் கையைக் கடல்தண்ணீரில் கழுவி, உடையிலேயே துடைத்துக்கொண்டு பூட்ஸை வாங்கினார். ஜோடியாக, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வள்ளத்துக்குப் பக்கத்தில் போனவர் நின்று திரும்பினார்.

"தம்பி பேரு என்ன?"

"பேர் வேண்டாம்ணே, படத்துல பேர் இல்ல" என்றேன்.

"படத்துக்கு இல்ல தங்கச்சி. கடலுக்கு வார ஆளு பேரு தெரியாம எப்புடி ஏத்துறது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ன பேரச் சொல்லிக் கூப்புடுறது?"

நான் மொழிபெயர்த்தேன். எஃபுவா உதட்டைக் கடித்துக்கொண்டார். "அந்தப் படகில் யாரும் பெயர் கேட்கவில்லை" என்றார். கேமராவைத் திரும்பப் பொருத்தி ஓடவிட்டுவிட்டு, பாவாடை நனைய நனையத் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"குவேசி" என்றார். சத்தமே வரவில்லை. மறுபடி சொன்னார். "குவேசி."

சேவியர் வெறுங்காலோடு ஏறினார். உள்ளே நடுப்பலகையைத் துடைத்து, பூட்ஸை அதன்மேல் முன்பக்கம் பார்க்க வைத்தார். கவசத்தை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். நாங்களும் சொல்லவில்லை. ரீத்தம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டார். சேவியர் கம்பை ஊன்றித் தள்ளினார். பூட்ஸ் லேசாக ஆடியது.

"ஏலே குவேசி, நல்லா உக்காந்துக்கடா, விழுந்துறாத" என்றார், தினமும் கூட வருகிறவனிடம் சொல்வதைப்போல.

"என்ன சொல்கிறார்?" என்று எஃபுவா கேட்டார்.

தம்பியைப் பத்திரமாக உட்காரச் சொல்கிறார் என்றேன்.

எஃபுவா தலையை ஆட்டினார். கண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை. "உட்கார மாட்டான்" என்றார். "அவன் எப்போதும் படகில் நின்றுகொண்டேதான் வருவான். எவ்வளவு திட்டினாலும் கேட்க மாட்டான்."

வள்ளம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் வாயில் கையைக் குவித்து அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

சேவியர் பூட்ஸைத் திரும்பிப் பார்த்தார். முன்னாலிருந்த கயிற்றை எடுத்து அதன் பக்கத்தில் போட்டார்.

"அப்பக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு தங்கச்சி."